கல் அகன்ற பின்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் முன்னோர் சொல். அந்த வரிசையில் கல்லடைப்பையும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. விலாப்புறத்தில் தோன்றி அடிவயிறு நோக்கி இறங்கும் அவ்வேதனையைப் பட்டறிந்தோர், அதை வேறெந்த நோவோடும் ஒப்பிட விரும்புவதில்லை. சிறுநீரகத்தில் விளையும் ஒரு சிறு கல், மன்னரையும் துறவியையும் கலைஞரையும் கூலியாளையும் ஒரே தரையில் புரளச் செய்யும் ஆற்றல் கொண்டது.

மருத்துவ வரலாறு எழுதியோர், இக்கல்லை வெளியேற்றிய முறைகளைக் குறித்து நிறையவே எழுதியுள்ளனர். கத்தி எவ்விடத்தில் இறங்கியது, எத்தனை நிமிடத்தில் கல் வெளிவந்தது, அதன் எடை என்ன என்பவற்றையெல்லாம் நாம் அறிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மறுநாள் அம்மனிதர் எப்படியிருந்தார்? எத்தனை நாள் எழ முடியாமல் கிடந்தார்? யார் அவருக்குக் கஞ்சி கொடுத்தார்கள்? மீண்டும் வலி வருமோ என்ற அச்சத்தை அவர் எவ்வாறு சுமந்தார்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஏடுகள் மிகச் சிலவே.

நம் ஊர்களிலும் இதுவே வழக்கம். அறுவை நாளன்று மருத்துவமனை வாசலில் உறவினர் கூட்டம் திரண்டு நிற்கும். மூன்றாம் வாரத்தில், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளும் அதே மனிதரிடம், 'அதுதான் கல்லை எடுத்தாயிற்றே!' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கல் அகன்றதும் நோய் அகன்றதும் ஒன்றா? வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டி இதனை நாம் சிந்திப்போம்.

பண்டை நூல்கள் கூறுவன

பண்டைக் காலத்தில் கல்லுக்கான அறுவை என்றால் அது சிறுநீர்ப்பைக் கல்லுக்கான அறுவையே. சிறுநீரகத்தைத் திறந்து கல் எடுக்கும் துணிவோ கருவியோ அன்று இல்லை. சிறுநீரகத்திலிருந்து இறங்கிப் பையில் தங்கிப் பெருத்த கல்லைத்தான் மருத்துவர் நாடினர். அதுவும் அஞ்சத்தக்க செயலாகவே இருந்தது. இப்போகிரத்திசின் பெயரால் வழங்கும் மருத்துவர் உறுதிமொழி, கல்லுக்காக அறுப்பதை அத்தொழில் வல்லார்க்கே விட்டுவிடுமாறு பணிக்கிறது.

நம் நாட்டின் சுசுருத சங்கிதை இவ்வறுவையை விரிவாகப் பேசுகிறது. செய்யாவிட்டால் சாவு உறுதி, செய்தால் பிழைப்பு ஐயம். ஆகவே அரசனின் ஒப்புதல் பெற்றபின்னரே இதில் இறங்க வேண்டுமென்று அந்நூல் எச்சரிக்கிறது. கல்லின் சிறு துணுக்கு எஞ்சினாலும் அது மறுபடி வளருமென்றும் சொல்கிறது. நம் கவனத்தை ஈர்ப்பது அதற்கு அடுத்த பகுதி. கல்லை எடுத்தவுடன் நோயாளியை வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியில் அமர்த்த வேண்டும். முதல் நாட்களில் கஞ்சி, பின்பு பாலும் சோறும் எனப் படிப்படியாக உணவு தர வேண்டும். புண் ஆறிய பின்னரும் ஓராண்டுக் காலம் குதிரை, யானை ஏறுதல், மரம் ஏறுதல், நீந்துதல் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். அறுவை சில நிமிடம், பேணுதலோ ஓராண்டு! இந்த விகிதத்தை அன்றே கண்டறிந்து எழுதிவைத்தவரின் அறிவு வியப்புக்குரியது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமையில் எழுதிய செல்சுஸ் என்பவரும் இவ்வாறே. ஒன்பது முதல் பதினான்கு வயதுவரையுள்ள சிறுவர்க்கே, அதுவும் இளவேனிற் காலத்திலேயே இவ்வறுவை ஏற்றதென்று அவர் வரையறுத்தார். அத்தோடு நில்லாமல், பின்வரும் நாட்களில் எந்த அறிகுறி நம்பிக்கை தருவது, எது ஆபத்தைக் காட்டுவது என்பதையும் அவர் வகுத்துரைத்தார்.

கோப்பைகளை எண்ணிய மனிதர்

கத்திக்கு அஞ்சியோர் நீரூற்றுகளை நாடினர். 1549ஆம் ஆண்டில், புனித பேதுரு பேராலயத்தின் கட்டடப் பணியைத் தாங்கிநின்ற எழுபத்து நான்கு வயது மைக்கலாஞ்சலோ, கல்லின் வேதனையால் துடித்தார். உரோமைக்கு வெளியே பியூஜி என்னும் ஊரின் ஊற்றுநீரைத் தருவித்துக் குடித்ததாகத் தம் தம்பி மகனுக்கு எழுதிய மடல்களில் அவர் குறிப்பிடுகிறார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவர் உழைத்து வாழ்ந்தார்.

இவ்வழி சென்றோருள் தம் அனுபவத்தை மிக நுணுக்கமாகப் பதிந்தவர் பிரெஞ்சுக் கத்தோலிக்க எழுத்தாளர் மிஷெல் த மோந்தேய்ன். அவருடைய தந்தை கல்லால் நலிந்து 1568இல் மறைந்தார். மகனுக்கு நாற்பத்தைந்து வயதளவில் அதே நோய் தலைகாட்டியது. 1580 ஜூனில் வீட்டிலிருந்து புறப்பட்டு, பிரான்சு, செருமானிய நாடுகள், இத்தாலி எனப் பதினேழு மாதங்கள் அவர் பயணம் செய்தார். நாடு காண்பது ஒரு நோக்கம். நோய் தீர்க்கும் நீரூற்றுகளைத் தேடுவது மற்றொன்று.

புளோம்பியேர் என்னும் ஊற்றில் பதினொரு நாள் காலைதோறும் நீர் அருந்தினார்: எட்டு நாள் ஒன்பது கோப்பை, மூன்று நாள் ஏழு கோப்பை. இத்தாலியின் லூக்கா நகருக்கு அருகிலுள்ள ஊற்றிலோ வாரக்கணக்கில் தங்கினார். குடித்தது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, மணல் வந்ததா, கல் வந்ததா, தலை கனத்ததா, உறக்கம் வந்ததா என ஒரு கணக்குப்பிள்ளையின் கண்டிப்போடு அனைத்தையும் எழுதிவைத்தார். வெளியிடுவதற்காக அவர் அதை எழுதவில்லை. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அவ்வேடு அவரது மாளிகைப் பெட்டியொன்றில் கிடந்து, 1770இல் ஒரு குருவால் கண்டெடுக்கப்பட்டு, 1774இல் அச்சேறியது.

அப்பயணத்தின்போதே அவர் உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியாரைச் சந்தித்தார். லொரேத்தோ அன்னையின் திருத்தலத்தில், அன்னையின் திருமுன் தாமும் மனைவியும் மகளும் இருப்பதுபோன்ற வெள்ளி உருவங்கள் பதித்த நேர்ச்சைப் பலகையொன்றை வைத்தார். ஊற்றுநீரும் நேர்ச்சையும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று விலக்கவில்லை. 1581 செப்டம்பரில், அந்த ஊற்றின் கரையில் இருக்கும்போதுதான் போர்தோ நகர மக்கள் தம்மை நகரத்தந்தையாகத் தெரிந்தெடுத்த செய்தி அவரை எட்டியது. கல் நோயாளியாகவே அவர் ஊர் திரும்பி, அப்பொறுப்பை இருமுறை வகித்தார்.

மருத்துவர்மீது மோந்தேய்னுக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. நீரைப் பெருக்கும் மருந்து நல்லது, ஏனெனில் அது மணலைக் கழுவித் தள்ளும் என்பார் ஒருவர். அதுவே தீது, ஏனெனில் அது கல்லாகும் பொருளைச் சிறுநீரகத்துக்கு இழுத்து வரும் என்பார் மற்றொருவர். இந்த முரண்களை அவர் தம் கட்டுரையொன்றில் எள்ளி நகையாடுகிறார். ஆனால் நோயைப் பற்றி அவர் எழுதியதில் கசப்பு இல்லை. கல் வெளியேறிய கணத்தில் நலம் ஒளிபோல் திரும்புவதை அவர் வியந்து போற்றுகிறார். இடையிடையே விட்டுச் செல்லும் நோயாதலால், அந்த இடைவெளிகளில் எழுதவும் உரையாடவும் குதிரையேறவும் தமக்கு இயல்வதை நன்றியோடு நினைக்கிறார். நோய் முற்றும் தீரும்வரை வாழ்வைத் தள்ளிவைக்க அவர் உடன்படவில்லை. 1592இல் அவர் உயிரைப் பறித்ததும் கல்லன்று, தொண்டையில் உண்டான அழற்சி. தம் அறையில் நிறைவேற்றப்பட்ட திருப்பலியின்போது அவர் உயிர் பிரிந்ததாக நண்பர் பாஸ்கியே எழுதியுள்ளார்.

ஆண்டுதோறும் ஒரு நன்றி விருந்து

கத்தியை ஏற்றுப் பிழைத்தவரின் சான்று வேண்டுமானால் நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டும். பிற்காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை நிருவாகத்தில் உயர்ந்தவரும் நாட்குறிப்பால் புகழ்பெற்றவருமான சாமுவேல் பீப்ஸ், சிறுவயது முதலே கல்லின் வேதனையோடு வளர்ந்தவர். இருபத்தைந்தாம் வயதில், 1658 மார்ச் 26 அன்று, அவர் அறுவைக்குத் தம்மை ஒப்புவித்தார். மயக்கமருந்து இல்லாத காலம் அது. கைகால்களைத் துணியால் கட்டி, வலிய ஆட்கள் பிடித்துக்கொள்ள, தாமஸ் ஹாலியர் என்னும் அறுவை மருத்துவர் கல்லை எடுத்தார். அது டென்னிசுப் பந்தின் அளவு இருந்ததென்று அதைக் கண்ட ஜான் எவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

இவ்வறுவை மருத்துவமனையில் நிகழவில்லை. ஜேன் டர்னர் என்ற உறவுப் பெண்மணியின் இல்லத்தில் நிகழ்ந்தது. இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அக்காலத்தில் இத்தகைய புண்ணைத் தைப்பதில்லை. கசிவு வடிந்து தானாக ஆறட்டும் எனத் திறந்தே விடுவர். முட்டையின் மஞ்சட்கரு, ரோசாக் காடி, எண்ணெய் வகைகள் கலந்த பற்றிடுவது வழக்கம். சிறுநீர் அப்புண் வழியாகவே கசியும். அமரவோ புரளவோ இயலாது. கந்தல் மாற்ற வேண்டும், படுக்கை மாற்ற வேண்டும், காய்ச்சல் வருகிறதா எனக் கண்விழித்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்தே பீப்ஸ் தேறினார். இப்படியொரு நோயாளிக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்த அப்பெண்மணியின் செயலை மருத்துவ வரலாறு பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் பீப்ஸ் மறக்கவில்லை.

உயிருள்ளவரை மார்ச் 26ஐ ஒரு திருநாளாகக் கொண்டாடுவதென்றும், அவ்விருந்துக்கு டர்னர் அம்மையாரையும் அவரைச் சார்ந்தோரையும் அழைப்பதென்றும் அவர் உறுதி பூண்டார். 1660இல் அந்நாள் வந்தபோது அவர் கப்பலில் இருந்தார். விருந்து வைக்க வழியில்லை. வெளிப்படையாகக் கொண்டாட இயலாவிடினும் உள்ளத்தளவில் மகிழ்ந்து இறைவனைப் போற்றுவதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் இயன்றபோதெல்லாம் விருந்து நடந்தது. 1664இல் அக்கல்லை வைக்க இருபத்தைந்து சில்லிங் மதிப்பில் ஒரு பெட்டியும் செய்யச் சொன்னார்.

ஆயினும் நன்றியோடு அச்சமும் உடன் வாழ்ந்தது. குளிர் தாக்கினாலோ, வயிறு உப்பினாலோ, பழைய வலி திரும்பிவிட்டதோ எனக் கலங்கினார். 1664ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் எழுதியது நமக்குப் புன்னகை தருவது. இதுவரை இல்லாத நலத்தோடு இருப்பதாகக் கூறும் அவர், அதற்குக் காரணம் தாம் தாயத்துப்போல் வைத்திருக்கும் முயலின் காலா, காலைதோறும் விழுங்கும் டர்பன்டைன் மாத்திரையா, அல்லது நீள்அங்கி அணிவதை விட்டதா என்று தெரியாமல் தவிக்கிறார்! நாட்டையே நடுங்கவைத்த கடற்படையின் கணக்குகளைத் துல்லியமாக ஆராய்ந்த அறிவாளர், தம் உடல் என்று வந்தபோது முயலின் காலைப் பற்றிக்கொண்டார். வலியை ஒருமுறை சுவைத்தவர் எதையும் பற்றிக்கொள்வார். சென்றவர் வந்தவர் சொல்லும் மருந்தையெல்லாம் நம்மவர் ஒன்றாகக் கலந்து குடிப்பதும் இதே அச்சத்தால்தான். அதை ஏளனம் செய்வதைவிடப் புரிந்துகொள்வதே நல்லது.

1669இல் அவர் மற்றொரு நற்செயல் செய்தார். எவ்லினின் உடன்பிறந்தாரான ரிச்சர்டு, கல்லால் வருந்தியும் அறுவைக்கு அஞ்சியிருந்தார். எவ்லின் பீப்சை அவரிடம் அழைத்துச் சென்றார். பீப்ஸ் தம் கல்லையும் எடுத்துச்சென்று காட்டி, 'இதையும் கடந்து உயிரோடிருக்கிறேன்' எனத் தம்மையே சான்றாக நிறுத்தினார். எனினும் ரிச்சர்டு அறுவைக்கு உட்படாமலே மறு ஆண்டு இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது கிடைத்த கல் சாதிக்காயைவிடச் சற்றே பெரியது என எவ்லின் துயரத்தோடு குறித்தார்.

பீப்சின் கதையும் 'கல் போயிற்று, நலம் வந்தது' என்று முடியவில்லை. அவருக்குக் குழந்தைப்பேறு வாய்க்காமைக்கு இவ்வறுவையே காரணமாயிருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1700இல், அந்தப் பழைய புண்ணே மீண்டும் திறந்துகொண்டது. 1703இல் அவர் மறைந்தபின் செய்த பரிசோதனையில், இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் காணப்பட்டன. ஒரு கல்லுக்கு நன்றி விருந்து வைத்த ஆண்டுகளில் வேறு கற்கள் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தன. அதனால் அந்த நன்றி பொய்யாகிவிடுமா? ஆகாது. நாற்பத்தைந்து ஆண்டு உழைப்பை அந்த மார்ச் மாதத்து அறுவையும், ஐந்து வாரப் பேணுதலும் அவருக்கு ஈந்தன.

ஒரு சொல்லின் வேறுபாடு

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் 'சகோதரர் ஜாக்' என்றழைக்கப்பட்ட ஜாக் போலியு என்பவர் துறவியின் உடையில் ஊர் ஊராகச் சென்று கல் அறுத்தார். ஏழைகளிடம் பொருள் வாங்கமாட்டார். கருவி தீட்டவும் காலணி செப்பனிடவும் சிறிது காசு பெற்றால் போதும் என்பார். அறுவை முடிந்ததும், 'கல்லை எடுத்துவிட்டேன், இறைவன் குணமாக்குவார்' என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது அவர் வழக்கமாம். பாரிசு நகர மருத்துவமனைகளில் அவரிடம் அறுத்துக்கொண்ட அறுபது பேரில் இருபத்தைந்து பேர் இறந்தனர். பிழைத்தோரிலும் பலர் ஆறாப் புண்ணோடு வாழ்ந்தனர். பின்னர் அவர் உடற்கூற்றியலை முறையாகக் கற்றுத் தம் முறையைத் திருத்திக்கொண்டார் என்பதையும், அவரது வழியே பிற்கால அறுவைக்கு அடித்தளமாயிற்று என்பதையும் நாம் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர், பிரெஞ்சு மன்னர் நால்வருக்கு மருத்துவம் செய்த ஆம்புருவாஸ் பாரேயும் கேட்பதற்கு இதையே ஒத்த ஒன்றைக் கூறினார். 'நான் அவருக்குக் கட்டுக்கட்டினேன், இறைவன் குணமாக்கினார்' என்பது அதன் பொருள். இரண்டுமே இறைப்பற்றுள்ள சொற்கள். இரண்டுமே குணமளிப்பவர் கடவுள் என ஏற்பவை. ஆயினும் இவற்றிடையே மலையளவு வேறுபாடு உண்டு. ஒருவர் கல்லை எடுத்ததோடு தம் பங்கை முடித்துக்கொண்டு, எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைக்கிறார். மற்றவர் தினந்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, அந்தப் பணியின் ஊடாகவே இறைவன் செயலாற்றியதைக் காண்கிறார். இறைவனின் பராமரிப்பு நம் கைகளுக்கு ஓய்வளிக்க வந்ததன்று. நல்ல சமாரியர் உவமையிலும், எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயம் கட்டியதோடு கதை முடிவதில்லை. அவர் மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, 'மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன்' என்கிறார். மறுநாளையும் எண்ணிப் பார்த்த அன்பு அது.

இன்றைய நிலை

இன்று கத்தியின் கொடுமை பெரிதும் குறைந்துவிட்டது. 1976இல் சுவீடன் மருத்துவர்கள் முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் வழியைக் காட்டினர். 1980 பிப்ரவரி 7 அன்று செருமனியின் மியூனிக் நகரில், உடலைத் திறக்காமலே அதிர்வலைகளால் கல்லைப் பொடியாக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. பின்னர் நுண்குழாயும் லேசர் ஒளியும் வந்தன. அன்று ஐந்து வாரம் படுத்திருந்த இடத்தில், இன்று பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

ஆனால் உடைந்த கல் மாயமாக மறைந்துவிடுவதில்லை. பொடிகள் சிறுநீரோடு இறங்கியாக வேண்டும். சில வேளை அவை குழாயில் வரிசையாகத் தங்கிவிடும். மருத்துவர் அதனைக் 'கல் தெரு' எனப் பொருள்படும் செருமானியச் சொல்லால் அழைப்பர். பாதை அடையாதிருக்க, இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாயொன்றை உள்ளே வைப்பதும் உண்டு. 1978இல் அறிமுகமான இதனை நம் மக்கள் 'டி.ஜே. ஸ்டென்ட்' என்றே அறிவர். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும். கழிக்கும்போது விலாவில் இழுக்கும். நடந்தால் சிறுநீர் சிவக்கும். பெரும்பாலும் இவை அஞ்ச வேண்டியவை அல்ல. வலி தணிக்கவும் குழாயின் தசையைத் தளர்த்தவும் மருத்துவர் மருந்து தருவார். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, இரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது. குறித்த நாளில் குழாயை எடுத்துவிடவும் மறக்கலாகாது. மறந்தால், கல்லுக்காக வைத்த குழாயின்மேலேயே கல் படியும்.

ஒருமுறை கல் வந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் அது மீண்டும் வரக்கூடும் என்பது மருத்துவர் கணிப்பு. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் அளவு சிறுநீர் வெளியேறுமாறு தண்ணீர் குடிப்பதும், உப்பைக் குறைப்பதும், கல் சுண்ணச்சத்தால் ஆனதென்று பாலை அறவே விலக்காதிருப்பதும் அவர்களது அறிவுரை. கோப்பைகளை எண்ணிய மோந்தேய்ன் ஓரளவு சரியாகத்தான் எண்ணினார்!

வலியைத் தாங்குவதே புண்ணியம், மருந்து கேட்பது பலவீனம் என எண்ணும் பக்தியுள்ளோர் சிலர் நம்மிடையே இருக்கக்கூடும். 1957 பிப்ரவரி 24 அன்று மருத்துவரிடையே உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியைத் தணிக்கும் வழிகளை நாடுவது கிறித்தவர்க்குத் தகும் எனத் தெளிவாக்கினார். துன்பத்தை ஒப்புக்கொடுப்பது ஒருவரது உரிமை. அதனைப் பிறர்மீது கடமையாகச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை.

எனவே, கல் எடுக்கப்பட்டவரைக் காணச் செல்லும்போது, 'கல் எவ்வளவு பெரிது?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இரவில் உறங்க முடிகிறதா, குழாய் எடுக்கும் நாள் என்று, மருத்துவமனைக்கு உடன் வர ஆள் உண்டா, வேலைக்குப் போகாத நாட்களில் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் கேட்போம். முதல் நாள் கூட்டத்தில் நமக்கு இடமில்லாது போனாலும் குறையில்லை. மூன்றாம் வாரத்தில் அவ்வீட்டின் கதவைத் தட்டுவோம். ஜேன் டர்னர் கத்தி பிடிக்கவில்லை, மருந்தும் எழுதவில்லை. தம் வீட்டில் ஓர் அறையைத் தந்தார். ஆண்டுதோறும் அந்த விருந்து மேசையில் அவருக்கு ஓர் இருக்கை காத்திருந்தது.